சத்தமில்லாத சப்பாத்து

வாழ்நாளில் பாதி மற்றவர்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிச் சம்பளம் வாங்கிய ஒருவன், ஓய்வு பெற்ற பிறகு காசு கொடுத்து நுழைவுச்சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, தானாகவே ஓர் அறைக்குள் போய், "பூட்டுங்கள், பார்ப்போம்" என்று சொல்வானா? நான் சொன்னேன்.

அது நான் குடியேறிய நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மணற்கல் சிறை. இப்போது அங்கே கைதிகள் இல்லை. வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், வாசலில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது. வழிகாட்டிப் பெண் எங்களை ஒரு மூலைக்கு அழைத்துப் போய், "ஒழுங்கு மீறியவர்களை அடைத்த இருட்டறை இதுதான். யாராவது உள்ளே நின்று பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். உயர்த்தியதோடு நிற்காமல், "நான் இந்தத் தொழிலில் இருந்தவன்" என்று ஒரு வசனமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

முதலில் உள்கதவு மூடியது. பிறகு வெளிக்கதவு. என் கையை என் முகத்துக்கு முன்னால் பிடித்தேன், கை இல்லை. சரி, இருட்டுத்தானே என்று நினைத்தேன். ஆனால் இருட்டு அல்ல பிரச்சினை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு, குழந்தைகள், வழிகாட்டியின் குரல் எல்லாம் ஒரே வெட்டில் நின்றுவிட்டன. அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று என் வயிறு சொன்னது. மனம் இல்லை, வயிறு. "ஐயோ, திறவுங்கோ! திறவுங்கோ எண்டுறன்!" என்று தமிழ் தெரியாத ஒரு பெண்ணை நோக்கித் தமிழில் கத்திக்கொண்டு கதவை உதைத்தேன். அவர் திறப்பைப் பூட்டிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் வைப்பதற்குள் நான் உதைக்கத் தொடங்கிவிட்டேனாம்.

என்னோடு வந்தவள் ஷாலினி. மலேசியத் தமிழ்ப் பெண். சிறைத்துறையில் என் கடைசி வருடத்தில் எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். பரமட்டாவில் கோப்பிக் கடையில் உட்காரும்வரை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், இவ்வளவு வருஷம் எப்படி அங்கிள் வேலை பார்த்தீங்க?"

"நான் கதவுக்கு வெளியில நிண்டனான் பிள்ளை."

பிறகு அவள் தன் செய்தியைச் சொன்னாள். அவள் வேலை செய்யும் சிறைக்குப் புதிய தனிச்சிறைப் பகுதி வருகிறது. "இனி நாங்க நடந்து போய்ப் பார்க்கவே வேணாம் லா. கேமரா இருக்கு. ஆளு மூச்சு விடுறதைக் கூடத் திரையில காட்டும். கதவுப் பக்கம் யாரும் போறதில்ல, சத்தமே இல்ல. பாவம், அவங்க நிம்மதியா தூங்கலாம்."

கோப்பி என் சட்டையில் ஊற்றுப்பட்டது.

"என்ன அங்கிள், மூஞ்சி மாறிடுச்சு?"

"எழுதித் தாறன்" என்றேன். வாயால் சொன்னால் சிரித்துவிடுவாள் என்று பயம். இனி எழுதுவது அவளுக்கு, நீங்களும் வாசிக்கலாம்.

நான் சிறைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தபோது என் மனைவி, "உங்களுக்கோ? பூனை குறுக்க வந்தா நிண்டு வழி விடுற ஆள்" என்றாள். உண்மை. பயிற்சியில் தள்ளினால் விழவும், விழுந்தால் எழும்பவும், எழும்பியதை அறிக்கையாக எழுதவும் கற்றுக்கொண்டேன். விழுவதில் நல்ல மதிப்பெண்.

பயிற்சியில் ஒரே ஒரு வரலாற்று வகுப்பு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்பதால் முக்கால்வாசிப் பேர் நித்திரை. எனக்கு மட்டும் அது மனதில் ஒட்டிக்கொண்டது. முந்திய காலத்தில் சிறை என்றால் ஒரே கூடம். கொலைகாரனும் ரொட்டி திருடியவனும் ஒன்றாகக் கிடப்பார்கள். நோய், அடிதடி, சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல மனம் படைத்த சில சீர்திருத்தக்காரர்கள் வந்து, இது மனிதனுக்குச் செய்கிற காரியமா என்று கேட்டார்கள். அடிக்காதீர்கள், ஒவ்வொருவனுக்கும் சுத்தமான தனி அறை கொடுங்கள், வேதப் புத்தகம் கொடுங்கள், அமைதி கொடுங்கள், தனிமையில் அவன் தன் மனச்சாட்சியின் குரலைக் கேட்பான், திருந்துவான் என்றார்கள். அப்படியே கட்டினார்கள். பெயருக்குப் பதில் எண். அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தை மூடும் துணித்தொப்பி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தேவாலயத்தில்கூட ஒவ்வொருவனும் பலகைப் பெட்டிக்குள் நின்றுதான் பாடவேண்டும், பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க முடியாது. பாடுவதற்குத் தவிர வாய் திறந்தால் இருட்டறை.

"குரல் கேட்டதா?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார்.

"பலருக்குக் கேட்டது. மனச்சாட்சியின் குரல் அல்ல" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் சாப்பிடப் போனார்.

சில வருடங்களுக்குப் பிறகு என்னைப் போட்ட தனிச்சிறைப் பகுதி, அந்தச் சீர்திருத்தக்காரர்களின் காலத்தில் கட்டியது. பழைய சிறை, ஆனால் அப்போது இன்னும் நடந்துகொண்டிருந்தது. மின்விளக்கும் கழிப்பறையும் பிறகு வைத்தார்கள். சுவரின் தடிப்பை யாரும் தொடவில்லை. நீளமான கல் நடைபாதை, இருபுறமும் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் கண் உயரத்தில் ஒரு கண்துளை, அதை மூட ஓர் இரும்புத் தகடு. கீழே சாப்பாட்டுத் தட்டை நீட்ட ஒரு சிறு கதவு.

எங்கள் முக்கிய வேலை பார்ப்பது. சும்மா எட்டிப் பார்ப்பது அல்ல, அதற்கு முறை இருக்கிறது. ஒரே நேரத்துக்குப் போகக்கூடாது. உள்ளே இருப்பவன் கணக்குப் பிடித்துவிடுவான். தகட்டை விலக்கி முதலில் அறையின் தூர மூலையைப் பார்க்கவேண்டும், பிறகு கட்டிலை, கடைசியில் ஆளை. ஆள் கிடக்கிறான் என்றால் போதாது. தோல் தெரியவேண்டும், நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவேண்டும். போர்வை தலையை மூடியிருந்தால் கூப்பிடு. பதில் இல்லாவிட்டால் தட்டு. அதற்கும் இல்லாவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடு. தனியாகக் கதவைத் திறக்காதே. நெஞ்சு ஏறுவதற்காகக் காத்து நிற்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, எனக்கு அது கடைசி வரை பழகவில்லை. ஒவ்வொரு முறையும் என் நெஞ்சுதான் முதலில் நிற்கும்.

அங்கே எனக்கு மேலதிகாரி நெவில். ஆறடி உயரம், சிவந்த கழுத்து, அதிகம் பேசாத மனிதர் என்று எழுத ஆசை. ஆனால் அந்த நடைபாதையில் கால் வைத்தவுடன் அவர் வேறு ஆள். இரும்புக் கதவருகிலேயே இருமத் தொடங்குவார். திறப்புக் கொத்தைக் கைபிடிக் கம்பியில் உரசிக்கொண்டு வருவார். தொலைக்காட்சியில் வரும் சோப்பு விளம்பரப் பாட்டை ராகம் தெரியாமல் பாடுவார். ஒவ்வொரு கதவிலும் விரலால் தட்டி, "நெவில் வருகிறேன். வெளியே மழை. உன் அணி தோற்றுவிட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் தகட்டைத் தொடுவார். போகும்போது, "நெவில் போகிறேன்" என்பார். பதில் சொல்லாதவனுக்கும் அதே மழை, அதே அணி.

எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. காரணம் என் வீடு.

என் மனைவி லிட்கம்மில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. மெரிலேண்ட்ஸில் எங்கள் சின்ன வீட்டில் பகல் முழுவதும் அவள் நித்திரை. தரையெல்லாம் பலகை. ஆகையால் நான் பகலில் சத்தமில்லாமல் சீவிப்பதில் பட்டம் பெற்றவன். குசினித் தண்ணீர்க் குழாயை நூல்போலத் திறப்பேன். கதவின் பிடியைத் திருப்பி வைத்துக்கொண்டே சாத்துவேன். தும்மல் வந்தால் வீதிக்குப் போய்த் தும்முவேன். நித்திரை கொள்ளும் ஆளை எழுப்பாமல் இருப்பதைவிடப் பெரிய மரியாதை இந்த உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த நிலைமையில்தான் ரமணன் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். மன்னார்ப் பக்கம். மாணவர் விசாவில் வந்து, கூட்டாக இருந்த வீட்டில் நடந்த சண்டையில் மாட்டி, வழக்குக்காக உள்ளே இருந்தார். பொதுப் பகுதியில் யாரோ அவரை அடித்துவிட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்காக என்று எங்களிடம் கொண்டுவந்து தனியாகப் பூட்டினோம். குற்றம் செய்தவனுக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டவனுக்கும் ஒரே அறை, ஒரே கதவு. ஆங்கிலம் மட்டுமட்டு. என் முகத்தைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம் தம்பி."

அவ்வளவுதான் பேசினேன். மற்றக் காவலர்களுக்குப் புரியாத மொழியில் கைதியோடு கதைத்தால், செய்தி கடத்துகிறான், சாமான் கடத்துகிறான் என்று கதை கட்டுவார்கள். வேலை போகும் என்ற பயம். வாயால் செய்ய முடியாததைக் காலால் செய்வோம் என்று முடிவெடுத்தேன். என் முட்டாள்தனம் வேலைக்குச் சேர்ந்த இடம் அது.

இரவில் மற்ற அறைக்காரர்கள் கதவை அடித்துக் கத்துவதால் ரமணனுக்கு நித்திரை இல்லை. மதியம் சாப்பிட்ட பிறகுதான் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் பார்க்கப் போவது பெரும்பாலும் நான். நித்திரையைக் குழப்பக்கூடாது. அதைவிட, ஊரில் இராணுவத்தின் பூட்ஸ் சத்தம் கேட்டு வளர்ந்தவர். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ஈரல்குலை நடுங்கும், அது எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே மனைவி வேலைக்குப் போடும் சப்பாத்தைப் போல, கறுப்பில், இறப்பர் அடியுள்ள ஒரு சோடி வாங்கினேன். நடந்தால் எனக்கே கேட்காது. கண்துளையின் தகடு கிறீச்சிட்டது. வீட்டிலிருந்து தையல் மெசின் எண்ணெயைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டேன். திறப்புக் கொத்தைக் கைக்குட்டையில் சுற்றினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போவேன். தூர மூலை, கட்டில், ஆள். தோல், நெஞ்சு. திரும்பி வந்துவிடுவேன். ஒரு தமிழனுக்கு இன்னொரு தமிழன் இரகசியமாகச் செய்யும் தொண்டு என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு.

சில நாட்களில் ரமணன் மெலியத் தொடங்கினார். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. ஒருநாள் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு மற்றக் காவலரோடு போனேன். தட்டை நீட்டியபோது, சிறு கதவுக்குள்ளிருந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"அண்ணை, இஞ்ச ஆரும் செத்தவையோ?"

"ஏன் தம்பி கேக்கிறியள்?"

"ஒண்டு வந்து என்னைப் பாக்குது. கால் இல்லை அண்ணை. கண் மட்டும்தான்."

பேய்க்குக் கால் நிலத்தில் முட்டாது என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். என் முதுகில் மயிர் சிலிர்த்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் கைதிகளைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். இதை ரமணனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியென்றால் அவர் கண்டது உண்மை!

வீட்டுக்குப் போய் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவளை நான் நித்திரையில் எழுப்பியது அந்த ஒருமுறைதான்.

"உங்கட கண்ணுக்கும் தெரிஞ்சதோ?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் இல்லை."

"இன்னுமோ!" என்று எழுந்து போய், கோயிலில் பூசை செய்து வாங்கிய கற்பூரத்தைத் துணியில் முடிந்து தந்தாள். "சட்டைப் பையில வையுங்கோ. எடுக்கப்படாது."

அடுத்த நாளிலிருந்து நான் இன்னும் மெதுவாக நடந்தேன். என் காலடி அதற்குக் கேட்டால் என் பக்கம் திரும்பிவிடும் அல்லவா? நடைபாதையின் நடுவில் நிற்பேன். பின்னால் பார்ப்பேன். பிடரியில் யாரோ ஊதுவதுபோல இருக்கும். பைக்குள் கற்பூர முடிச்சைத் தொட்டுவிட்டுத் தகட்டை விலக்குவேன். உள்ளே பார்த்தால் ரமணன் நித்திரை இல்லை. சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்து, நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார், வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. எனக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் விழுந்தடித்து ஓடுவேன், அதுவும் சத்தமில்லாமல். பேய் பின்னால் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, பேய் நடந்துகொண்டிருந்தது.

ரமணனைத் தனிச்சிறையிலிருந்து எடுப்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்யும் நாள் வந்தது. மனநல மருத்துவர் வந்தார். அமைதியான பெண்மணி, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருப்பார். அறைக் கதவைத் திறந்து வைத்து, நடைபாதையில் நெவிலும் நானும் நின்றோம். மேசையில் தொலைபேசி, அதில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பெண்.

"உங்களுக்கு இங்கே என்ன பயம்?" என்று மருத்துவர் கேட்டார். தொலைபேசி தமிழில் கேட்டது.

"கால் இல்லாத ஒண்டு வருது" என்றார் ரமணன்.

"கால் இல்லாததுன்னா... நொண்டியாங்க?"

"இல்லையம்மா. நிலத்தில கால் முட்டாது. கண் மட்டும் ஓட்டைக்குள்ள வரும்."

பிறகு அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னபோது குரல் சிறுத்துப் போயிருந்தது.

"காவலர்கள் பார்க்க வருவார்கள். அவர்களாக இருக்கலாமே?" என்று மருத்துவர் கேட்டார்.

"பூட்ஸ்காரர் எண்டா வாறது தெரியும், போறதும் தெரியும். பிறகு மூச்சு விடலாம். இதுக்கு ரெண்டும் இல்லை. வந்திட்டுதோ, போட்டுதோ, இப்பவும் நிக்குதோ... நான் எந்த நேரமும் அந்த ஓட்டையையே பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"எப்போது வரும்?"

"சாப்பிட்டுப் படுத்தாப் பிறகு. இப்ப முதல்ல மணம் வருது. கற்பூர மணம்."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முடிச்சு அங்கேதான் இருந்தது.

அந்த நேரத்தில் என் உடம்பில் ஓடிய குளிரை, பிறகு எந்தப் பேயும் எனக்குத் தரவில்லை. நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். கறுப்பு, இறப்பர் அடி, நல்ல பளபளப்பு.

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு நெவிலிடம் மெதுவாகச் சொன்னார், இவரை இப்படியே விடமுடியாது, இல்லாததைக் காண்கிறார், தனக்கே ஏதாவது செய்துகொள்ளலாம், இன்றைக்கே கண்காணிப்பு அறைக்கு மாற்றவேண்டும் என்று. அவருடைய தொழிலில் அது சரியான முடிவுதான். ஆனால் அந்த அறை எனக்குத் தெரியும். கட்டில் விரிப்பு இல்லை, கிழிக்க முடியாத தடித்த அங்கி ஒன்று, அணையாத விளக்கு, இரவும் பகலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்வைக்குப் பயந்தவனை அங்கே போட்டால் என்னவாகும்? அதற்குள் நடந்து போன ஒருவர், திரும்பி வந்தபோது தன் பெயரைச் சொல்ல நெடுநேரம் எடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

"அண்ணை, அவ என்ன சொல்லுறா? வெளியில விடுவினமோ?" என்று ரமணன் என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தால் வேலை போகும். அரசாங்கக் கதவுக்கு எண்ணெய் விட்டது, திறப்பைச் சுற்றியது, சீருடைப் பூட்ஸை மாற்றியது எல்லாம் வெளியே வரும். அதைவிடப் பெரிய பயம், ஓய்வு பெறும்வரை சிரிப்பார்கள். ஒருமுறை இருமினேன். அந்த நடைபாதையில் நெடுநாளைக்குப் பிறகு நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

"அது நான்" என்றேன் ஆங்கிலத்தில்.

நெவில் திரும்பினார். "எது நீ?"

"பேய்."

மருத்துவர் மூடிய பேனாவை மறுபடி திறந்து என்னைப் பார்த்தார். அடுத்த கட்டில் எனக்குத்தான் என்று நினைத்தேன். கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்ப் போத்தல், கைக்குட்டை, மனைவியின் இரவு வேலை, கற்பூரம், சம்பந்தமில்லாமல் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரைக்கும். நெவில் இன்னொரு காவலரிடம் ரமணனை முற்றத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். பிறகு தானே ரமணனின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"என்னைப் பூட்டு" என்றார். "அவனுக்குச் செய்வதையெல்லாம் செய். உடனே வராதே."

மருத்துவர் நடைபாதையில் நின்றார். நான் தூரத்து இரும்புக் கதவு வரை போய், நெடுநேரம் நின்று, திரும்பி வந்தேன், வழக்கம்போல. தகட்டை விலக்கினேன். தூர மூலை, கட்டில், ஆள். நெவில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; களைத்துப்போய்த் தரையைப் பார்த்தபடி இருந்தார். மூக்கைச் சுழித்தார். நிமிர்ந்தார். என் கண்ணைக் கண்டார். அந்த ஆறடி மனிதர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு சுவரோடு பின்வாங்கினார்.

அதுவும், வருவது யாரென்று தெரிந்த ஒருவர். நான்தான் வருவேன் என்று தெரிந்த ஒருவர்.

கதவைத் திறந்தோம். அவர் எழவில்லை. நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"எவ்வளவு நேரமாக அங்கே நின்றாய்?"

"இப்போதுதான் வந்தேன்."

"நீ அப்படிச் சொல்கிறாய். எனக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "இந்த மாதிரிக் கட்டடங்களில் முன்பு காவலர்களுக்குக் கம்பளிச் செருப்புக் கொடுத்தார்கள். பூட்ஸுக்கு மேலே மாட்ட. உள்ளே இருப்பவனின் அமைதியைக் கெடுக்கக்கூடாது என்று. நல்ல எண்ணம்தான். நான் இருமுவது சளியால் என்றா நினைத்தாய்?"

சோப்புப் பாட்டைப் பற்றியும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மருத்துவர் வெளியே நின்றபடி நெடுநேரம் எழுதினார். "இது பாதிக் காரணம். மீதிப் பாதி இந்தச் சுவர்கள்" என்றார். கண்காணிப்பு அறை வேண்டாம். பாதுகாப்பான பகுதியில், இன்னொருவரோடு சேர்ந்து இருக்கும் அறைக்கு ரமணனை மாற்றவேண்டும் என்று பரிந்துரைத்தார். ஆனால் மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதி வரவேண்டும், அதுவரை இங்கேதான்.

எனக்கு வேலை போகவில்லை. நெவில் என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அவரே குப்பையில் போட்டார். காலுறையோடு வீட்டுக்குப் போனேன். "உண்மையை அவனிடம் நீ சொல். உன் மொழியில், சத்தமாக. நான் அனுமதி தருகிறேன்" என்றார்.

சொன்னேனா? இல்லை. பூட்ஸ் போட்டேன், இருமினேன், கதவைத் தட்டி, "தம்பி, நான் வாறன். வெளியில வெயில். மத்தியானம் கோழி" என்று கத்தினேன். மற்றக் காவலர்கள் என்னைக் குட்டி நெவில் என்றார்கள். ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நெவில், "சொன்னாயா?" என்பார். "நாளைக்கு" என்பேன்.

பிறகு அது இன்னும் கடினமானது. ரமணன் சாப்பிடத் தொடங்கினார். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. ஒருநாள் சிறு கதவுக்குள்ளால் மெல்லச் சொன்னார்.

"அண்ணை, அது போட்டுது. இப்ப வாறேல்லை. நீங்கள்தானே ஏதோ செய்தனீங்கள்?"

"நானோ?"

"உங்கட சட்டையில கற்பூரம் மணக்குது. அதைத் துரத்தத்தான் முந்தியும் அந்த மணம் வந்தது எண்டு இப்ப விளங்குது. கும்பிட்டுப் போட்டுத்தான் வாறியள் எண்டு எனக்குத் தெரியும். பெரிய உதவி அண்ணை." சிறு கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவர் இரண்டு கைகளையும் கூப்பியது தெரிந்தது.

பேயை ஓட்டிய புண்ணியவான் என்று ஒருவர் என்னைக் கும்பிடும்போது, நான்தான் அந்தப் பேய் என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கும் "நாளைக்கு" என்றேன்.

அனுமதி வந்தது. ரமணன் தன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். அழைத்துப் போகும் பொறுப்பை நெவில் என்னிடம் தந்தார். தந்துவிட்டு நடைபாதையின் மறுமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பிக்க வழியில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்த இருட்டறைக் கதவை உதைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"தம்பி, ஒரு விசயம்."

"சொல்லுங்கோ அண்ணை."

"அது பேய் இல்லை. நான்தான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார், பகிடி விடுகிறேன் என்று நினைத்து. நான் நிறுத்தாமல் சொன்னேன். சப்பாத்து, எண்ணெய், மதிய நித்திரை, பூட்ஸ் சத்தம் கேட்டால் பயப்படுவீர்கள் என்று நினைத்தது, கற்பூரம், எல்லாம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்து போனது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கண்துளையைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார், அளவு சரியா என்று பார்ப்பதுபோல.

அங்கேயும் நான் என் குணத்தைக் காட்டினேன். "எண்டாலும் பேயை விட நான் கொஞ்சம் வடிவுதானே?"

அவர் என்னைத் தாண்டி நடைபாதைக்கு வந்தார். நான் பின்னாலேயே பூட்ஸ் சத்தத்தோடு போனேன்.

"தம்பி, கோவமோ? நான் உங்கட நன்மைக்குத்தானே..."

அவர் திரும்பாமலே சொன்னார்:

"பேயெண்டா மன்னிச்சிருப்பன்."